'ஆகையால்' எங்கே வர வேண்டும்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வந்த ஆன்மிகக் கட்டுரை, "கத்தோலிக்கருக்கு நற்செயலால் மீட்பு, புராட்டஸ்டண்டுகளுக்கு விசுவாசத்தால் இரட்சிப்பு" என்று ஒரே வரியில் பேச்சை முடித்துவிட்டது. நெல்லைச் சீமையில் இரு சபையாரும் ஒரே தெருவில் குடியிருப்பவர்கள், ஒருவர் வீட்டுத் துட்டிக்கு, அதாவது சாவுக்கு, மற்றவர் போய் நிற்பவர்கள். அவர்களைப் பற்றி இப்படி அச்சேறிவிட்டால் அதுவே உண்மை என்று ஊரில் நிலைத்துவிடும். ஞாயிறுதோறும் நடக்கும் ஓய்வுநாள் பள்ளியிலும், பிள்ளைகளைச் சபையில் உறுதிப்படுத்துமுன் நடத்தும் திடப்படுத்தல் வகுப்பிலும் இந்தப் பாடத்தை எடுப்பவர்கள் என்ற முறையில் இதை எழுதுகிறோம்.

முதலில் கத்தோலிக்கர் பக்கம். புராட்டஸ்டண்டு சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தருக்கு மறுமொழியாகக் கூடிய கத்தோலிக்கரின் திரெந்து பொதுச்சங்கம் 1547 ஜனவரி 13 அன்று தன் ஆறாம் அமர்வில் 33 விதிகளை வெளியிட்டது. அவற்றில் முதல் விதியே, கிறிஸ்துவின் வழியாக வரும் இறையருள் இல்லாமல் தன் சொந்தச் செயல்களால் மனிதன் கடவுள் முன் நீதிமானாக, அதாவது அவருக்கு ஏற்றவனாக, முடியும் என்று சொல்பவனைச் சபையிலிருந்து விலக்குகிறது. அதே அமர்வின் எட்டாம் அதிகாரம், நீதிமானாக்கப்படுவதற்கு முன் வரும் எதுவும், விசுவாசமானாலும் செயலானாலும், அந்த அருளைச் சம்பாதித்துத் தருவதில்லை என்கிறது. "செயலால் மீட்பு" என்பதைத் தங்கள் முதல் விதியிலேயே வெட்டியவர்கள் அவர்கள்.

அடுத்து லூத்தரன் பக்கம். 1530-இல் வாசிக்கப்பட்ட ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையின் நான்காம் பிரிவு, விசுவாசத்தினால் நீதிமானாக்கப்படுகிறோம் என்கிறது. கட்டுரையாளர் அந்தப் பிரிவோடு நின்றுவிட்டார் போலிருக்கிறது. இரண்டு பிரிவு தள்ளி, ஆறாவதில், அந்த விசுவாசம் நல்ல கனிகளைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று இருக்கிறது. இருபதாம் பிரிவு முழுவதும், "நாங்கள் நற்செயல்களைத் தடுக்கிறோம் என்பது பொய்க் குற்றச்சாட்டு" என்ற மறுப்புதான். திருநெல்வேலிக்கு மிஷனெரிகள் வழியாக வந்த ஆங்கிலிக்கன் சபையின் 39 கொள்கைகளில் பதினொன்றாவது விசுவாசத்தைச் சொல்லும். பன்னிரண்டாவது, மரத்தைக் கனியால் அறிவதுபோல உயிருள்ள விசுவாசத்தை நற்கிரியைகளால், அதாவது நற்செயல்களால், அறியலாம் என்று சொல்லும்.

இந்த இழுபறி பெரும்பாலும் அடங்கிய நாளும் உண்டு. 1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில், உலக லூத்தரன் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் நீதிமானாக்கப்படுதல் பற்றிய கூட்டு அறிக்கையில் கையெழுத்திட்டன. நம்முடைய தகுதி எதுவுமின்றி, கிருபையினாலேயே, கிறிஸ்துவின் மீட்புச் செயலில் வைக்கும் விசுவாசத்தில் கடவுள் நம்மை ஏற்றுக்கொள்கிறார். ஏற்றுக்கொண்ட பின் நம்மைப் புதுப்பித்து நற்செயல்களுக்கு அழைக்கிறார் என்பதே அதன் சாரம். 2006-இல் மெதடிஸ்டுகளும், 2016-இல் ஆங்கிலிக்கன் ஆலோசனைக் குழுவும், 2017-இல் சீர்திருத்த சபைகளும் இதற்கு உடன்பட்டன. இத்தனைக்குப் பிறகும் பழைய வரியையே அச்சிடுவது நியாயமல்ல.

வேறுபாடே இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. கடவுள் ஒருவனை நீதிமான் என்று "எண்ணுகிறாரா", உள்ளேயே நீதிமானாக "ஆக்குகிறாரா" என்பதில் அழுத்தம் இன்னும் வேறுதான். நற்செயல் ஏற்கெனவே பெற்ற நீதியின் கனி மட்டுமல்ல, அதை வளர்க்கவும் செய்கிறது என்று திரெந்து 24-ஆம் விதி வைத்திருக்கிறது. நம் ஊருக்கு மிக நெருக்கமான வேறுபாடு இன்னொன்று. கிறிஸ்துவை அறியாத அயல்வீட்டுக்காரர் செய்யும் தருமம் என்ன ஆகிறது? 39 கொள்கைகளில் பதின்மூன்றாவது, விசுவாசத்துக்கு முன் செய்யும் கிரியைகளுக்குப் பாவத்தின் தன்மை உண்டு என்று கடுமையாகவே சொல்கிறது. அப்படிச் சொல்பவனைத் திரெந்து ஏழாம் விதி கண்டிக்கிறது. ஆங்கிலிக்கன் முதலிய சபைகள் இணைந்து தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27-இல் உருவானபோது வேதாகமத்தையும் அப்போஸ்தலர், நிசேயா விசுவாசப் பிரமாணங்களையும்தான் அடித்தளமாக வைத்தது. எனவே நம் பிள்ளைகளிடம் இந்தக் கேள்விக்குப் பதின்மூன்றாம் கொள்கையைத் தூக்கிக் காட்டாமல், அப்போஸ்தலர் நடபடிகள் 10-இல் ரோமப் படைத் தலைவன் கொர்நேலியுவின் தருமங்கள் தேவ சந்நிதியில் வந்தெட்டின என்பதையும், அதற்குப் பிறகும் இயேசுவின் சீடர் பேதுருவை அவன் வீட்டுக்கு அனுப்ப வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்து வாசித்துக் காட்டுவது நல்லது.

இனி, புதிய ஏற்பாட்டில் நிருபங்கள் எழுதிய பவுல், யாக்கோபு இருவரின் விவகாரம். ரோமர் 3:28-இல் நம் பழைய வேதாகமம் "விசுவாசத்தினாலேயே நீதிமானாக்கப்படுகிறான்" என்கிறது. யாக்கோபு 2:24 "விசுவாசத்தினாலேமாத்திரமல்ல, கிரியைகளினாலேயும்" என்கிறது. லூத்தர் 1522-இல் புதிய ஏற்பாட்டை ஜெர்மனில் பெயர்த்தபோது ரோமர் 3:28-இல் "மாத்திரம்" என்ற பொருள்படும் சொல் ஒன்றைச் சேர்த்தார். மூலக் கிரேக்கத்தில் அது இல்லை. ஜெர்மன் பேச்சு வழக்கு அதைக் கேட்கிறது என்று 1530-இல் எழுதிய திறந்த மடலில் பதில் சொன்னார். தமிழில் அந்த வேலையைத் தனிச்சொல் எதுவும் செய்யவில்லை. "விசுவாசத்தினாலேயே" என்பதன் கடைசி ஏகாரமே செய்கிறது. நன்னூல் ஏகாரத்துக்குச் சொல்லும் ஆறு பொருளில் முதலாவதான பிரிநிலைதான் இது. பள்ளியில் "அவனே கொண்டான்" என்று படித்த பிள்ளைக்கு, "பிறர் அல்லர், அவன்தான்" என்பது உடனே விளங்கும். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, இந்த ஏகாரம் எதிலிருந்து எதைப் பிரிக்கிறது என்பது. பவுல் அதை அந்த வசனத்திலேயே சொல்லிவிட்டார்: "நியாயப்பிரமாணத்தின் கிரியைகளில்லாமல்", அதாவது மோசேயின் சட்டம் கேட்கும் செயல்கள் இல்லாமல். விருத்தசேதனம் என்ற நுனித்தோல் நீக்கும் யூதச் சடங்கு, உணவுத் தீட்டு, நாள் கிழமை பார்ப்பது ஆகியவை அதில் முன்னால் நிற்பவை. யாக்கோபு பேசும் கிரியை வேறு: உடுத்த துணியில்லாத சகோதரனுக்குத் துணி, அன்றாட ஆகாரமில்லாத சகோதரிக்குச் சாப்பாடு. விசுவாசம் என்ற சொல்லும் இருவரிடத்திலும் ஒரே எடையில் இல்லை. "பிசாசுகளும் விசுவாசித்து, நடுங்குகின்றன" என்று யாக்கோபு சொல்வது, கடவுள் ஒருவர் உண்டு என்று ஒத்துக்கொள்ளும் வெறும் சம்மதம். பவுல் சொல்வது தன்னை முழுதுமாய் ஒப்புக்கொடுக்கும் பற்று. சொற்களை இப்படி நிறுத்துப் பார்க்காமல் இரண்டு வசனத்தையும் மோதவிட்டால், கேட்பவர்கள் பாதிப் பேர் பவுல் கட்சி, பாதிப் பேர் யாக்கோபு கட்சி ஆகிவிடுகிறார்கள்.

தமிழ்க் காதுக்கு இன்னொரு தடங்கலும் உண்டு. "கிரியை" என்றால் நம் பக்கத்தில் முதலில் நினைவுக்கு வருவது இறந்தவருக்குச் செய்யும் சடங்கு. சைவர்களுக்குச் சரியை, கிரியை, யோகம், ஞானம் என்ற வரிசை. வேதாகமச் சொல்லோ உழைப்பு, செயல் என்ற சாதாரணப் பொருளுடையது. "விசுவாசம்" என்றால் ஊர்ப் பேச்சில் நன்றி மறவாமை. நாய்க்கு விசுவாசம் உண்டு என்கிறோம். இது பிழையல்ல, உதவி. கிரேக்கத்தில் அந்தச் சொல்லுக்கு நம்பிக்கை, உண்மையாயிருத்தல் என்ற இரண்டு பொருளும் இருக்கிறது. வகுப்பில் இந்த இரண்டு சொல்லையும் பலகையில் எழுதிப் பத்து நிமிடம் பேசிவிட்டுப் பாடத்துக்குள் போனால் பின்னால் வரும் குழப்பத்தில் பாதி வராது.

ஆபிரகாமை இருவரும் சாட்சிக்கு அழைக்கிறார்கள், அதுவும் ஒரே வசனத்தைச் சொல்லி: ஆபிரகாம் கர்த்தரை விசுவாசித்தான், அதை அவர் அவனுக்கு நீதியாக எண்ணினார் என்ற ஆதியாகமம் 15:6. இங்கே வயதுக் கணக்கைப் போட்டுக் காட்டினால் போதும். மகன் இஸ்மவேல் பிறந்தபோது ஆபிரகாமுக்கு 86 வயது. அந்த விசுவாசம் நீதியாக எண்ணப்பட்டது அதற்கும் முன்னால். விருத்தசேதனம் 99-ஆம் வயதில். ஆக, நீதி எண்ணப்பட்டதற்கும் விருத்தசேதனத்துக்கும் நடுவே குறைந்தது 13 ஆண்டு இடைவெளி. பவுலுக்கு வேண்டியது இந்த இடைவெளி. அடுத்த மகன் ஈசாக்கு பிறந்தது 100-ஆம் வயதில். கடவுள் கேட்டபடி பலியிட மலைக்குக் கூட்டிப்போனபோது அவன் தகன விறகைச் சுமக்கிற பையன். யாக்கோபுக்கு வேண்டியது அந்த மலை. பவுல் தொடக்கத்தைக் காட்டுகிறார், யாக்கோபு பல ஆண்டு கழித்து அந்தத் தொடக்கம் எங்கே போய் நின்றது என்று காட்டுகிறார்.

இந்த உபதேசம் நூலகத்தில் பிறக்கவில்லை, சாப்பாட்டுப் பந்தியில் பிறந்தது. இதை நம் ஊரில் அழுத்திச் சொல்லவே வேண்டும். கலாத்தியர் 2-ஐ எடுத்துப் பாருங்கள். அந்தியோகியாவில் புறஜாதியாரோடு, அதாவது யூதரல்லாதவரோடு, உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் எழுந்து விலகிக்கொண்டார். பவுல் அவரை எல்லார் முன்னும் எதிர்த்தார். விசுவாசத்தினால் நீதிமானாக்கப்படுகிறோம் என்ற வார்த்தை அந்தச் சண்டையைத் தொடர்ந்துதான் 16-ஆம் வசனத்தில் வருகிறது. பந்தியைப் பிரிப்பவன், தன் பிறப்பையும் ஆசாரத்தையும் கிறிஸ்துவோடு சேர்த்து ஒரு தகுதியாக வைக்கிறான். அதுதான் பவுல் மறுத்த "கிரியை". வடக்கன்குளத்துத் திருக்குடும்ப ஆலயத்துக்குள் சாதிக்காக நின்ற தடுப்புச் சுவர் 1910-இல்தான் இடிந்தது. கல்லறைத் தோட்டத்தைச் சாதிவாரியாகப் பிரித்து வைத்துக்கொண்டு "விசுவாசத்தினாலேயே" என்று பாடுகிற சபைகள், கத்தோலிக்கமானாலும் புராட்டஸ்டண்டானாலும், தாங்கள் எந்தக் கிரியையை நம்பியிருக்கிறோம் என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அசனப் பண்டிகையில் எல்லாரும் ஒரே பந்தியில் இருந்து ஒரே அண்டாச் சோற்றைச் சாப்பிடுவது வெறும் விருந்தென்று நினைப்பவர்கள் கலாத்தியரை இன்னொரு முறை வாசிக்கட்டும்.

பிழை எங்கே நுழைகிறது என்று பார்த்தால், பெரும்பாலும் வாசிப்பை நிறுத்தும் இடத்தில். கிருபையினாலே இரட்சிக்கப்பட்டீர்கள் என்று சொல்லும் எபேசியர் 2:8, 9 நாட்காட்டியிலும் சுவரிலும் உண்டு. "நற்கிரியைகளைச் செய்கிறதற்கு நாம் கிறிஸ்து இயேசுவுக்குள் சிருஷ்டிக்கப்பட்டு" என்ற 10-ஆம் வசனத்தைக் காணோம். மூன்றும் மூலத்தில் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு ஓடுபவை. 9-இல் "கிரியைகளினால் உண்டானதல்ல", 10-இல் "நற்கிரியைகளைச் செய்கிறதற்கு". "ஆல்" என்ற உருபும் "கு" என்ற உருபும்தான் மொத்த உபதேசமும். டிசம்பர் 31 இரவு ஆராதனையில் எடுக்கும், வேத வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டைகளிலும் இதே குறை. "தருவேன், உயர்த்துவேன், காப்பேன்" என்பவை மட்டும் இருக்கும். "செய்" என்று ஒரு அட்டையும் இருக்காது. வருஷம் முழுதும் அந்த அட்டையை வேதாகமத்துக்குள் வைத்துப் பார்க்கும் ஒருவருக்கு விசுவாசம் என்றால் வாங்கிக்கொள்வது என்றே பதிந்துபோகும். கன்வென்ஷன் கூட்டத்தில் இயேசுவை ஏற்றுக்கொண்டேன் என்று கை உயர்த்திய நாளைக் குறித்து வைத்துக்கொண்டு "எனக்கு முடிந்தது" என்று இருப்பவரும் இந்த வழியில் வந்தவரே.

இவர்கள் வழக்கமாகக் காட்டும் ஆதாரம் இயேசுவோடு சிலுவையில் தொங்கிய கள்ளன். அவன் ஒரு கிரியையும் செய்யவில்லையே என்பார்கள். லூக்கா 23:40 முதல் 42 வரை நிதானமாக எண்ணுங்கள். கூட இருந்தவனைக் கடிந்துகொண்டான். தன் தண்டனை நியாயமானது என்று ஒப்புக்கொண்டான். குற்றமில்லாதவர் இவர் என்று, ஊரே எதிராக நிற்கையில், சாட்சி சொன்னான். பிறகு, தன்னை நினைத்தருளும்படி இயேசுவைக் கேட்டான். கையும் காலும் ஆணியில் இருக்க, நாக்கு ஒன்றுதான் அவனுக்கு மிச்சம். மிச்சமிருந்ததை முழுதும் கொடுத்தான். அவை இயேசு அவனுக்கு வாக்களித்த பரதீசுக்கு விலையும் அல்ல.

உடன்குடி, நாசரேத், மெஞ்ஞானபுரம் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பனையை வைத்துச் சொன்னால் சட்டென்று பிடிபடும். பதநீர் மரத்தினுடையது, ஏறுகிறவர் உண்டாக்குவதில்லை. கலயம் அதை வாங்கும் வெறும் பாத்திரம். விசுவாசம் அந்தக் கலயம். காலையில் இறக்கிய பதநீரை அன்றைக்கே விடிலியில், அதாவது காய்ச்சும் குடிசையில், காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றினால் கருப்பட்டி. கருப்பட்டி கொடுத்துப் பதநீரை யாரும் வாங்குவதில்லை, பதநீர் வந்ததால்தான் கருப்பட்டி. ஆனால் "என் கலயம் நிரம்பியது" என்று சொல்லிக் காய்ச்சாமல் வைத்துப் பாருங்கள். சுண்ணாம்பு தடவிய கலயமானாலும் நெடுநேரம் தாங்காது, கெட்டுப்போகும். கிரியையில்லாத விசுவாசம் "செத்தது" என்று யாக்கோபு சொல்வது அந்தப் பதநீரைத்தான். உவமை ஓரிடத்தில் நிற்கும்: கலயம் குயவர் வனைந்தது, விசுவாசமோ அதுவும் தேவனுடைய ஈவு. அதைப் பிள்ளைகளிடம் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் "என் விசுவாசம் பெரியது" என்ற புதுப் பெருமை கிளம்பும். அது கிரியையைவிட மோசமான கிரியை.

திடப்படுத்தல் வகுப்புக்கு நாங்கள் பரிந்துரைப்பது வரி வசூலித்த சகேயுவின் பாடம், லூக்கா 19. வரிசை அதில் பிசகாமல் இருக்கிறது. 5-ஆம் வசனத்தில், ஒன்றும் கேட்காமல், "இன்றைக்கு நான் உன் வீட்டிலே தங்கவேண்டும்" என்று இயேசு சொல்கிறார், அது கிருபை. 6-இல் சந்தோஷத்தோடே அழைத்துக்கொண்டு போனான், அது விசுவாசம். 8-இல் ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கியது நாலத்தனை திருப்பி, அது கிரியை. அளவைக் கவனிக்கச் சொல்லுங்கள். ஏமாற்றி வாங்கியதற்கு லேவியராகமம் 6:5 கேட்பது முதலும் அதோடு ஐந்தில் ஒரு பங்கும்தான். 1,000 ரூபாய் அபகரித்திருந்தால் 1,200 கொடுத்தால் சட்டப்படி கணக்கு தீர்ந்தது. சகேயு கொடுப்பதோ 4,000. சட்டத்தைக் கட்டித் தீர்க்கிறவன் 1,200-இல் நிறுத்துவான். மன்னிப்புப் பெற்றவன் கணக்குப் பார்க்கவில்லை. இதைப் பலகையில் எழுதிக் காட்டிய பிறகு, பிசான நெல் அறுவடை முடிந்து கூலி பாக்கி வைப்பது, பீடி சுற்றிக் கொடுத்தவரின் கணக்கில் குறைப்பது இவற்றை யாக்கோபு 5:4-ஓடு சேர்த்துப் பேசலாம். "வயல்களை அறுத்த வேலைக்காரருடைய கூலி" கூக்குரலிடுகிறது என்று அங்கே அப்படியே இருக்கிறது.

பொருத்தனை என்ற நேர்த்திக்கடன், காணிக்கை விஷயத்தில் இரு தரப்பும் திருந்த வேண்டியது உண்டு. உவரி அந்தோணியார் கோயிலுக்கு நேர்ந்துகொள்பவரை ஏளனம் செய்கிற சபையார், கன்வென்ஷன் பந்தலில் "இந்தக் காரியம் நடந்தால் இவ்வளவு தருகிறேன்" என்று உறையில் எழுதிப் போடுவது எந்த வகை? நன்றிக்குக் கொடுத்தால் இரண்டும் நல்லது, பேரத்துக்குக் கொடுத்தால் இரண்டும் கெட்டது. அறுப்பின் பண்டிகை ஏலத்திலும் ஆலயக் கட்டட நிதியிலும் பெயரையும் தொகையையும் ஒலிபெருக்கியில் வாசிக்கும் வழக்கத்தைச் சேகரக் கமிட்டிகள், அதாவது சபை வட்டாரக் குழுக்கள், நிறுத்தலாம். கணக்கு வேண்டும்; அதை வரிசை எண்ணும் தொகையுமாக அறிவிப்புப் பலகையில் ஒட்டினால் போதும், ரசீதைப் பார்த்து அவரவர் சரிபார்த்துக்கொள்ளலாம். பெயர் வாசிக்கும்போது, கொடுத்தவனுக்கு ஓர் இடம் உண்டு, கொடாதவனுக்கு இல்லை என்ற பாடம் பிரசங்கமே இல்லாமல் நடந்துவிடுகிறது. மத்தேயு 25-இன் நியாயத்தீர்ப்பில் வலதுபக்கம் நிற்பவர்கள், தாங்கள் செய்த உதவியைப் பற்றி "ஆண்டவரே, எப்பொழுது?" என்று கேட்கிறார்கள். அவர்களிடம் பட்டியல் இல்லை.

பாளையங்கோட்டையில் 1890-இல் பார்வையற்றோருக்கென்று தொடங்கிய பள்ளியும், பின்னர் காது கேளாதோருக்கென்று எழுந்த பள்ளியும், துரத்தப்பட்ட புதுக் கிறிஸ்தவர்களுக்கு நிலம் வாங்கிக் குடியமர்த்த மிஷனெரி ரேனியஸ் காலத்தில் அமைத்த தருமசங்கமும், விசுவாசத்தினாலேயே என்று வெகு கண்டிப்பாய்ப் பிரசங்கித்தவர்கள் செய்தவை. அந்தப் பிரசங்கம் அவர்கள் கையைக் கட்டிப்போடவில்லை. பரலோகத்துக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை என்று தெரிந்தவனுக்குத்தான் கையிலிருப்பதை அயலானுக்காகச் செலவழிக்க மனம் வரும்.

கடைசியாக, எல்லாக் குழப்பத்துக்கும் பெரிய வாசல்: துட்டி வீடு. ஞாயிற்றுக்கிழமை பீடத்திலிருந்து "கிரியையினால் அல்ல" என்று கேட்ட அதே பிள்ளை, செவ்வாய்க்கிழமை அடக்க ஆராதனையில், "ஐயா பத்துப் பேரைப் படிக்கவைத்தார்கள், யாரையும் கடிந்து பேசமாட்டார்கள், ஆகையால் இன்று பரலோகத்தில் இருக்கிறார்கள்" என்று கேட்கிறது. இரண்டு நாள் இடைவெளியில் இரண்டு சுவிசேஷம். பிள்ளை நம்புவது இரண்டாவதை, ஏனென்றால் அங்கேதான் எல்லாரும் அழுதுகொண்டு கேட்கிறார்கள். நல்ல மனிதராக வாழாதவர் வீட்டில் அதே உபதேசியார் அப்போதுதான் விசுவாசத்தைப் பற்றிப் பேசுவார். ஊர் அதையும் கவனிக்கிறது.

குருவானவர்களையும் உபதேசியார்களையும் சபை ஊழியர்களையும் நாங்கள் கேட்டுக்கொள்வது இது. இறந்தவர் செய்த நன்மையை மறைக்காமல் சொல்லுங்கள். வீட்டாருக்கு அது ஆறுதல், ஊருக்கு முன்மாதிரி. முதலில் கிறிஸ்து அவருக்காகச் செய்ததைச் சொல்லுங்கள். அடுத்து "ஆகையால்" என்று போடுங்கள். அதற்குப் பிறகு அவர் பத்துப் பேரைப் படிக்கவைத்ததைச் சொல்லுங்கள். மூன்று வாக்கியம், இரண்டு நிமிடம் போதும். கல்லறையில் வாசிக்கும் வெளிப்படுத்தின விசேஷம் 14:13-இலும் இந்த ஒழுங்கே இருக்கிறது. கர்த்தருக்குள் மரிக்கிறவர்கள் பாக்கியவான்கள் என்று சொல்லி முடித்த பிறகே, "அவர்களுடைய கிரியைகள் அவர்களோடே கூடப்போம்" என்கிறது. முன்னால் போய்க் கதவைத் தட்டும் என்று அங்கே எழுதவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுநாள் பள்ளி, திடப்படுத்தல் வகுப்பு ஆசிரியர்கள் சிலர்,
பாளையங்கோட்டை.